கேட்காமல் தோண்டிய கிணறு

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் "அறிவும் சமூக அபிவிருத்தியும்" என்ற தலைப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் தலைப்பைக் கண்டதும் கொஞ்சம் பயந்துதான் போனேன். இதற்குப் பேராசிரியர் ஒருவரை அல்லவா அழைத்திருக்க வேண்டும்! எங்கள் சங்கத்தில் அவர்களுக்கும் குறைவில்லை. நான் கிராமங்களில் வேலை செய்து ஓய்வுபெற்றவள். இந்தப் பெரிய தலைப்பில் எனக்கு ஒரு மூலைதான் தெரியும். அந்த மூலையின் பெயர் பல்லேபொல. அங்கே நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லி, அதிலிருந்து தொடங்குகிறேன்.

மாத்தளை நகரிலிருந்து வடக்கே போகும்போது முதலில் அலுவிகாரை வரும். கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னர் காலத்தில், அதுவரை வாய்வழியாக வந்த பௌத்த திரிபிடகத்தை முதன்முதலில் ஏட்டில் எழுதிய இடம் அது. ஏன் எழுதினார்கள்? போரும் பஞ்சமும். மனனம் செய்து வைத்திருந்த பிக்குமார் இறந்துபோனால் நூலும் அவர்களோடு போய்விடும் என்ற பயம். நான் பல ஆண்டுகள் அந்தக் குகைகளின் முன்னால் பஸ்ஸில் போய்வந்தேன். ஜன்னலோரத்தில் இருந்தபடி பார்ப்பதோடு சரி. அந்தப் பயம் என்னவென்று எனக்கு விளங்கியது, பல்லேபொலையில் ஒரு கிழவி இறந்த பிறகுதான்.

பல்லேபொல மலையகமும் இல்லை, வன்னியும் இல்லை. தெற்கே மாத்தளை மலைகள், வடக்கே தம்புள்ளைச் சமவெளி. இரண்டுக்கும் நடுவில் இடைவலயம். பள்ளத்தில் வயல், வீட்டைச் சுற்றித் தென்னையும் பலாவும் மிளகும், மேட்டில் சேனை. சிங்களக் கிராமங்களுக்கு இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ்க் குடும்பங்கள், முஸ்லிம் குடும்பங்கள். மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. குடிதண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு நடக்கிற நடை எனக்கு முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டது.

1992ஆம் ஆண்டு. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பட்டம் பெற்று, ஒரு கிராமிய நீர்த் திட்டத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்திருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், பிழை என்னுடையது. கையில் ஒரு அங்குல வரைபடம். சமவுயரக் கோடு வாசிப்பதற்கு எங்கள் புவியியல் ரீச்சர் கற்றுத்தந்த விதத்தில் எனக்குக் கர்வம்கூட இருந்தது. மூன்று குழாய்க்கிணறுகளுக்குப் பணம் வந்திருந்தது, ஆண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும்.

சனசமூகக் கட்டடத்தில் கூட்டம் வைத்தோம். முன்வரிசைக் கதிரைகளில் ஆண்கள். பெண்கள் பின்சுவரோடு சாய்ந்து, இடுப்பில் பிள்ளையோடு நின்றார்கள். எனக்கு அப்போது சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். "கிணறு எங்கே வேண்டும்?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் "பாதையோரத்தில்" என்றார்கள். துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுபோகவும் பாதையோரம்தான் வசதி. வரைபடமும் ஆமோதித்தது. மூன்று இடங்களில் புள்ளி வைத்தேன். கூட்டம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. நன்றாக நடந்த கூட்டம் என்று அன்று நாட்குறிப்பில் எழுதியதும் ஞாபகம் இருக்கிறது.

தண்ணீர் வந்தது. முதல் பம்பை அடித்தபோது ஊரே கைதட்டியது. தேங்காய் உடைத்தார்கள். படம் எடுத்து அனுப்பினோம்.

ஐந்து மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், பம்பின் கைபிடியில் ஒரு மாடு கட்டியிருக்கிறது. பெண்கள் பழையபடி குடத்தோடு மேட்டுப் பக்கமாக நடக்கிறார்கள். "ஏன் இந்தத் தண்ணீரை எடுக்கவில்லை?" என்று கேட்டேன். ஒரு ஆச்சி என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டுபோய் அடுப்படியில் இருத்தினார். இரண்டு கோப்பையில் தேயிலை ஊற்றினார். ஒன்று நல்ல செம்பழுப்பு. மற்றது மை போலக் கறுப்பு. கறுத்தது நான் கொடுத்த தண்ணீர். அதில் இரும்புச் சத்து. பருப்பு அரை நாள் கொதித்தாலும் அவியாது, சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளைத் துணி மஞ்சளாகும். "கிவுல் தண்ணி, மிஸ்" என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் உவர்த் தண்ணி என்போமே, அதைப் போல.

அதே வளவில் அவருடைய மாமியார் காலத்தில் ஒரு கிணறு வெட்டி, தண்ணீர் கூடாது என்று மூடியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்! "ஆச்சி, கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. "மிஸ் எங்கே வேண்டும் என்றுதானே கேட்டீர்கள். தண்ணீர் எப்படி என்று கேட்கவில்லையே" என்றார். "ஆண்கள் சொல்லியிருக்கலாமே?" என்றேன். "அவர்கள் பருப்பு அவிக்கிறதில்லையே, மகள்."

அந்த ஆச்சிக்கு அந்தப் பக்கத்து நிலத்தடி முழுவதும் நாக்கில் தெரியும். எந்தக் கிணறு வைகாசியில் வற்றும், எது ஆவணியிலும் வற்றாது, எந்த ஊற்றில் சோறு வெள்ளையாக வரும், எதில் குளித்தால் பிள்ளைக்குச் சொறி வரும். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவரோடும் இன்னும் ஏழெட்டுப் பெண்களோடும் நடந்தேன். புழுதியில் குச்சியால் ஊரை வரைந்தார்கள். என் ஒரு அங்குல வரைபடத்தில் இல்லாத பதினான்கு தண்ணீர் இடங்கள் அந்தப் புழுதியில் இருந்தன. மாத்தளைப் பக்கத்தில் 'உல்பத்த', 'உல்பொத்த' என்று முடிகிற ஊர்ப்பெயர்கள் உண்டு. அந்தச் சொல்லுக்குச் சிங்களத்தில் ஊற்று என்று அர்த்தம். ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வாசிக்கிற மொழி என்னிடம் இருக்கவில்லை.

இந்தக் கதையை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள், நானும் நிறுத்திவிடுவேன். மிச்சத்தை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

நான் கிராமத்திலிருந்து திரும்பி வந்தபோது மேசையில் ஆண்டறிக்கை காத்திருந்தது. "மூன்று குழாய்க்கிணறுகள் பூர்த்தி. பயனடைந்த குடும்பங்கள் 64." கையொப்பம் நான் போட வேண்டும். கிணறு பூர்த்தியானது உண்மை. 64 குடும்பம் அதைச் சுற்றி இருப்பதும் உண்மை. போட்டுவிட்டேன். புது உத்தியோகம், தங்கைக்குக் கலியாணப் பேச்சு, இப்படி எத்தனையோ காரணம். சில ஆண்டுகள் கழித்து, குழாய்நீர்த் திட்டம் ஒன்றுக்குக் கிராமங்களைத் தெரிவுசெய்தபோது, அந்தக் கிராமம் பட்டியலில் இல்லை. விசாரித்தேன். "அங்கே ஏற்கெனவே மூன்று கிணறு இருக்கிறது, நீர் வசதியுள்ள கிராமம்" என்று கோப்பைத் திறந்து காட்டினார்கள். அடியில் என் கையொப்பம்.

திருத்தி எழுதிக் கொடுத்தேன், அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த சுற்று வருவதற்கு ஆறு ஆண்டுகள் எடுத்தன. அந்த ஆறு ஆண்டும் பெண்கள் மேட்டுக்கு நடந்தார்கள். ஊற்றைக் கல்கட்டிப் பாதுகாத்துக் குழாய் இறக்கியபோது ஆச்சி உயிரோடு இல்லை. அவர் சொன்னதில் பாதியைத்தான் நான் எழுதி வைத்திருந்தேன். மற்றப் பாதி எங்கே என்று அவருடைய மருமகளுக்கும் தெரியவில்லை.

அறிவு இல்லாததால் வந்த நட்டம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஊரில் அறிவு இருந்தது. முடிவு எடுத்த அறையில் அது பின்சுவரோடு நின்றது. பிறகு, கோப்பில் பிழையான அறிவு ஏறியது. கோப்புக்குக் கால் உண்டு, அது கொழும்பு வரை போகும். ஆச்சியின் நாக்கு அடுப்படியைத் தாண்டாது.

கிராமத்தார் கூடிப் பேசி முடிவெடுப்பது நாங்கள் திட்டங்களோடு கொண்டுபோய்க் கொடுத்த புதினம் என்று எண்ணிவிடக் கூடாது. பல்லேபொலைக்கு வடக்கே கலேவெல, தம்புள்ளை என்று போகப் போகக் குளத்துக் கிராமங்கள். அங்கே போகம் தொடங்குமுன் 'கன்னக் கூட்டம்' நடக்கும். எங்கள் வன்னியிலும் கிழக்கிலும் பயிர்ச்செய்கைக் கூட்டம் என்கிறோமே, அதுதான். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எந்தத் திகதிக்குள் உழுது விதைப்பது, எத்தனை மாத நெல், எப்போது மதகு திறப்பது, வாய்க்காலை யார் யார் எத்தனை முழம் துப்புரவாக்குவது என்று எல்லாவற்றையும் அங்கே தீர்மானிப்பார்கள். முன்னர் கிழக்கில் வட்டைவிதானை, சிங்கள ஊரில் வெல்விதானை என்று ஒருவர் பொறுப்பாக இருந்தார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவி போனது. இன்று கமக்காரர் அமைப்பும் கமநல உத்தியோகத்தரும் அந்தக் கூட்டத்தை நடத்துகிறார்கள். அன்று எடுக்கிற முடிவுக்குச் சட்ட வலுவும் உண்டு.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது 'பெத்ம' என்ற ஏற்பாடு. குளத்தில் தண்ணீர் பாதிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வயலுக்கும் விட்டால் எல்லாம் கருகும். தலைமாட்டு வயலுக்கு மட்டும் விட்டால் கடைசி வயல்காரன் பட்டினி. ஆகவே அந்தப் போகத்துக்கு மட்டும் குளத்துக்கு அருகிலுள்ள வயலை எல்லோருக்கும் அவரவர் காணி விகிதப்படி பிரித்துக் கொடுக்கிறார்கள். என் காணியில் இன்னொருவர் விதைக்கிறார், போகம் முடிந்ததும் திருப்பித் தருகிறார். இதற்கு எவ்வளவு அறிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீரின் கணக்கு, காணியின் கணக்கு, யார் வாக்குத் தவறாதவர் என்ற கணக்கு. மூன்றாவது கணக்கு எந்தத் திணைக்களத்திலும் இல்லை.

குளத்தின் அணைக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே ஒரு பற்றை நிலம் விடுவார்கள், 'கட்டகடுவ' என்று பெயர். வெளியிலிருந்து வருகிறவருக்கு அது வீண் காணி. உண்மையில் கட்டைக் கசிந்துவரும் நீரிலுள்ள உப்பை அங்கே நிற்கிற மரமும் புல்லும் உறிஞ்சி, வயலுக்குப் போகாமல் தடுக்கின்றன. பெண்கள் பாய்க்குப் பன் பிடுங்குவதும், கீரையும் மருந்துச் செடியும் ஆய்வதும் அங்கேதான். குளப் புனரமைப்பு என்று இயந்திரம் வந்த சில இடங்களில் முதலில் தட்டையாக்கிய நிலம் அதுவே. கட்டு உயர்ந்தது, நாலைந்து போகத்தில் கீழ்வயலில் உவர் பூத்தது. 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இலங்கை உலர் வலயத்தின் தொடர்குளக் கிராமங்களை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக அங்கீகரித்தது. சந்தோஷம்தான். பன் பிடுங்கிய பெண்களிடம் முன்னரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்னும் சில வயல்கள் மிஞ்சியிருக்கும்.

"இதெல்லாம் சின்னக் குளத்துக்குச் சரி, பெரிய திட்டங்களில் நிபுணர்தானே முடிவெடுக்க வேண்டும்" என்று கேட்கிறவர்களுக்கு நான் கல்லோயாவைக் காட்டுவேன். 1949இல் தொடங்கிய மிகப் பெரிய குடியேற்றத் திட்டம் அது. எழுபதுகளின் முடிவில் அதன் இடதுகரை வாய்க்கால்கள் பாழடைந்து கிடந்தன. தலைப்பகுதியில் சிங்கள விவசாயிகள், தண்ணீர் போய்ச்சேராத வால்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகள். மதகுகளை உடைப்பதும் சண்டையும் வழக்கம். 1981 அளவில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக அங்கே அனுப்பின. அவர்கள் போனவுடன் சங்கம் அமைத்துத் தலைவர், செயலாளர் தெரிவுசெய்யவில்லை. வீடுவீடாகப் போய் உட்கார்ந்து, ஒரு சிறு வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற பத்துப் பன்னிரண்டு பேரிடம் பிரச்சினையைக் கேட்டார்கள். முதலில் சேர்ந்து வாய்க்காலை வெட்டினார்கள், முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். தலைப்பகுதிக்காரர் மிச்சம் பிடித்த நீரைக் கீழே விட்டார்கள். சங்கமும் பிரதிநிதியும் அதன் பிறகு. இந்த முயற்சியில் பங்குகொண்ட நோர்மன் அப்ஹொஃப் என்ற கோர்னெல் பேராசிரியர் இதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

திட்டம் முடிந்து பணமும் நின்றபிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிது. 1997 சிறுபோகம். நீர்த்தேக்கத்தில் இருப்பது 15,000 ஏக்கர் நெல்லுக்குத்தான் காணும் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் கணக்கிட்டது. விவசாயிகள் தங்கள் அமைப்புகள் மூலம் பேசி, தண்ணீரைப் பங்கிட்டு, 65,000 ஏக்கர் செய்கைபண்ணினார்கள். விளைச்சலும் வழமையைவிட நன்றாக இருந்தது. பொறியியலாளருக்குக் கணக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. வழக்கமாக வீணாகிற தண்ணீரையும் சேர்த்து வருவதே அந்தக் கணக்கு. அதை வீணாக்காமல் விட முடியும் என்பது விவசாயிக்குத்தான் தெரியும், ஏனென்றால் பக்கத்து வயல்காரன் இரவில் மதகைத் திறக்க மாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். இன்னொன்று, அது யுத்த காலம். அந்தக் காலத்தில் மேலே இருந்த சிங்கள விவசாயிகள் கீழே இருந்த தமிழ் விவசாயிகளுக்கு நீர் விட்டார்கள். பத்திரிகைகளில் அது தலைப்புச் செய்தியாக வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கிராமத்தவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. அந்த மயக்கமும் எனக்குக் கொஞ்சக் காலம் இருந்தது. ஆச்சியின் நாக்கு இரும்பை அறியும், உவரை அறியும், புளோரைட்டை அறியாது. அதற்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை. உலர் வலயத்துப் பிள்ளைகளின் பற்களில் வருகிற பழுப்புக் கறையைப் பார்த்துத்தான் ஊர் அறிந்தது, காரணத்தை ஆய்வுகூடம்தான் சொன்னது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்தில் தொடங்கி, எங்கள் மாவட்டத்தின் வில்கமுவ வரை விவசாயக் குடும்பங்களை அழிக்கிற சிறுநீரக நோயும் அப்படித்தான். நோய் முற்றும்வரை உடம்பு சொல்லாது; இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். ஆகவே எனக்கு ஆய்வுகூடமும் வேண்டும், அடுப்படியும் வேண்டும்.

ஊர் அறிவு ஊரிலுள்ள எல்லோருடைய அறிவும் இல்லை என்பதையும் நான் மெதுவாகத்தான் கண்டுகொண்டேன். "மக்கள் கருத்து" என்று சொன்னால் யார் மக்கள்? பின்னாளில் பங்கேற்பு முறை என்ற பெயரில் பெரிய தாளும் நிறப் பேனைகளும் கிராமம் கிராமமாகப் போயின. நானும் கொண்டுபோனவள்தான். நல்ல சத்தமாகப் பேசுகிறவரின் கருத்து நல்ல பச்சை நிறத்தில் பதிவானது, அவ்வளவுதான் பல இடங்களில் நடந்தது. விதவை வரமாட்டாள். பக்கத்துச் சிறுதோட்டத்து லயத்தில் இருந்தவர்களைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. அவர்களும் அதே ஊற்றில்தான் குடித்தார்கள்.

லயம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட முடியாதிருந்தது. வாக்குப் போடலாம், உறுப்பினராக வரலாம், தன் லயத்துக்கு ஒரு பாதை போடச் சொல்லத்தான் வழியில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுதான் நூற்றுக்கு இருபத்தைந்து பெண்களுக்கு என்ற ஒதுக்கீட்டோடு உள்ளூராட்சித் தேர்தல் முதன்முதலில் நடந்தது. அதற்கு முன் உள்ளூராட்சி உறுப்பினரில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அதன் பின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். வந்த பெண்களில் சிலர் கணவனின் குரலாக இருக்கிறார்கள் என்று குறை சொல்கிறார்கள். இருக்கலாம். கணவன்மாரில் எத்தனை பேர் யாருடைய குரலாக இருந்தார்கள் என்று யாராவது கணக்கெடுத்தார்களா?

இங்கே இருக்கிற தங்கைமாருக்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றியும் சொல்லிவைக்கிறேன். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தமிழில் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊர் எந்தப் பட்டியலில் இருக்கிறது, எந்தக் கோப்பின் அடிப்படையில் இல்லை என்று கேட்க முடியும். 1992இல் அந்தச் சட்டம் இருந்து, பல்லேபொலையில் ஒரு பெண்பிள்ளை என் கோப்பைக் கேட்டு வாங்கியிருந்தால் எனக்கு அவமானமாகத்தான் இருந்திருக்கும். ஆறு ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். அக்காமார் கோபிக்கக் கூடாது.

நூற்றாண்டு நினைவாக என்ன செய்வது என்று ஓராண்டாக நமக்குள் கடிதங்களும் வட்ஸ்அப் செய்திகளும் போய்வருகின்றன. முன்வாசலில் கருங்கல் வளைவு என்று ஒரு யோசனை. எல்லா வகுப்புக்கும் திறன்பலகை என்று வெளிநாட்டுக் கிளையிலிருந்து ஒரு யோசனை. பணமும் வந்துகொண்டிருக்கிறது. மருத்துவமனையில் இரவு வேலை செய்தும், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கடையில் நின்றும் உழைத்து நம் சகோதரிகள் அனுப்பிய பணம். அதை நான் மதிக்கிறேன். அந்தச் செய்திகள் அத்தனையையும் வாசித்தேன். இங்கே இப்போது படிக்கிற பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு செய்தியிலும் இல்லை. எனக்கு அந்தச் சனசமூகக் கட்டடம் ஞாபகம் வந்தது. இந்த முறை முன்வரிசைக் கதிரையில் நாம்.

அதிபர் அவர்களிடம் அனுமதி கேட்டு, சென்ற சனிக்கிழமை விடுதிப் பிள்ளைகளோடு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். ஆசிரியர்கள் யாரும் கூட இருக்கவில்லை. கல்லூரியின் வரைபடத்தை அவரவர் வரைய வேண்டும். போக விருப்பமான இடத்தில் வட்டம், போகப் பிடிக்காத இடத்தில் புள்ளடி. பெயர் எழுத வேண்டாம் என்றேன். 23 தாள்கள் வந்தன. வட்டம் பல இடங்களில். பழைய வேப்பமரத்தடியில் அதிகம். நம் காலத்தைப் போலவே. புள்ளடி ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில், பின்பக்கத்து மலசலகூட வரிசையில். மூன்று கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மாதவிலக்கு நாளில் எதையும் போட ஒரு கூடை இல்லை. ஆகையால் காலையிலிருந்து பள்ளி விடும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: "மற்ற நாளில் சமாளிப்பேன். அந்த நாளில் வகுப்புக்கு வருவதில்லை."

முப்பது ஆண்டு தண்ணீரைப் பற்றியே வேலை செய்தவள் நான். சங்கக் கூட்டத்துக்கு ஆண்டுதோறும் இந்த வாசலால் வந்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

வளைவு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. நிகழ்ச்சி நிரலின்படி வாக்கெடுப்பு மூன்று மணிக்கு. தலைவி அவர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தேன், அவரும் பெருமனதோடு சம்மதித்தார். அந்தத் தாள்கள் 23ஐயும் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். வெளிநாட்டுக் கிளைகளுக்குப் படமெடுத்து அனுப்பியாயிற்று. வாக்கெடுப்புக்கு முன் விடுதித் தலைவியான தங்கை பத்து நிமிடம் பேசுவாள். அவளுக்குக் கதிரை முன்வரிசையில் போட்டிருக்கிறது. தயவுசெய்து அதில் வேறு யாரும் இருக்க வேண்டாம்.